மதுரை வீட்டில் ஃபிகர் எய்ட் பஃபர் வளர்க்க

ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கம் வலையில் பேத்தை மீன் விழுந்தால் பெரும்பாலும் கழித்துப் போட்டுவிடுவார்கள். விஷ மீன் என்று எல்லோருக்கும் தெரியும். அதே குடும்பத்தைச் சேர்ந்த சின்ன மீன்கள்தான் மதுரையின் அலங்கார மீன் கடைகளில் 'பஃபர்' என்ற ஒரே பெயரில் விற்கின்றன. வாங்கிப்போய் கோல்டு ஃபிஷ் தொட்டியில் விடுகிறவர்கள் உண்டு. சில வாரத்தில் கோல்டு ஃபிஷ்களின் வால் காணாமல் போகும், சில மாதத்தில் பஃபரும் மெலிந்து செத்துப்போகும். தண்ணீரும் தீனியும் சரியாக இருந்தால் பத்து வருடத்துக்கு மேல் வாழக்கூடிய மீன் அது.

முதலில் எந்த பஃபர் என்று பாருங்கள்

நம்மூர்க் கடைகளில் மூன்று வகை கலந்து கிடைக்கும். மூன்றுக்கும் தண்ணீர் வேறு.

பீ பஃபர் மூன்று சென்டிமீட்டரை ஒட்டித்தான் வளரும். பழுப்பும் பச்சையும் கலந்த உடம்பில் கரும்புள்ளிகள் இருக்கும். கேரளத்து ஆறுகளைச் சேர்ந்த முழு நன்னீர் மீன் இது. இந்தக் கட்டுரையில் சொல்லும் உப்பை இதற்குப் போடக் கூடாது.

கிரீன் ஸ்பாட்டட் பஃபருக்கு முதுகு மஞ்சள் கலந்த பச்சை, அதன்மேல் உருண்டையான கரும்புள்ளிகள், வயிறு பளிச்சென்ற வெள்ளை. கடையில் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும், பார்க்கவும் அழகு. ஆனால் பதினைந்து சென்டிமீட்டரைத் தாண்டி வளரும். வளர வளர உப்பும் கூட வேண்டும், கடைசியில் கிட்டத்தட்டக் கடல் தண்ணீரே கேட்கும். இரண்டடித் தொட்டி வைத்திருப்பவர் இதை வாங்கக் கூடாது.

ஃபிகர் எய்ட் பஃபரின் முதுகு கரும்பழுப்பு, அதில் மஞ்சள் கோடுகள் வளைந்து பின்னிக் கிடக்கும். மேலிருந்து பார்த்தால் எட்டு போட்டது போலத் தெரியும். முதுகுத் துடுப்புக்குக் கீழேயும் வால் அடியிலும் மஞ்சள் வளையம் சூழ்ந்த கண் போன்ற கறுப்புப் பொட்டு இருக்கும். தென்கிழக்கு ஆசிய மீன், சுமார் எட்டு சென்டிமீட்டரோடு நின்றுவிடும். அறிவியல் பெயர் டைகோடோமிக்டெரெ ஓசெல்லேட்டஸ். பழைய புத்தகங்களில் டெட்ராடான் பயோசெல்லேட்டஸ் என்று போட்டிருக்கும், இரண்டும் ஒரே மீன்தான். லேசான உவர்நீரில் வீட்டில் வைத்துக்கொள்ளத் தோதான வகை இதுதான். இனி வரும் அளவுகள் எல்லாம் இந்த ஒரு மீனுக்கு.

கடையில் மீனைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். வயிறு உள்ளே ஒட்டி, தலைக்குப் பின்னால் சதை வற்றிப் போயிருந்தால் வேண்டாம். உங்கள் முன்னால் தீனி போடச் சொல்லுங்கள், பசியுள்ள பஃபர் ஆளைப் பார்த்ததும் கண்ணாடிக்கு ஓடி வரும். எந்த உப்பு அளவில் வைத்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். பெரும்பாலும் 'நல்ல தண்ணிதான்' என்ற பதில் வரும். அது பரவாயில்லை, மெதுவாக மாற்றிக்கொள்ளலாம்.

தொட்டி

ஒரு மீனுக்கு இரண்டடி நீளம், ஒன்றே கால் அடி அகலம், ஒன்றே கால் அடி உயரம் போதும். மணலும் மேல் இடைவெளியும் போக நிகரமாக 70 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஊரில் கண்ணாடி ஒட்டித் தருபவரிடம் செய்யச் சொன்னால் 6 மில்லிமீட்டர் கண்ணாடி கேளுங்கள். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த பாத்ரூம் சிலிக்கான் வேண்டாம், மீனுக்கு ஆகாது. ஒட்டி இரண்டு நாள் காயவிட்டு, நிரப்பி ஒரு நாள் முழுக்க ஒழுகுகிறதா என்று பார்த்த பிறகே வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். எல்லாம் சேர்ந்து நூறு கிலோ வரும். ஏற்ற இறக்கம் இல்லாத சமமட்டமான ஸ்டாண்டு வேண்டும், அடியில் தெர்மாகோல் ஷீட்டும் போட வேண்டும்.

மூடி கட்டாயம். மீன் துள்ளும் என்பதோடு, உப்புத் தண்ணீர் தெறித்துக் காய்ந்து பக்கத்தில் உள்ள இரும்பை எல்லாம் அரிக்கும். ஸ்டாண்டு இரும்பு என்றால் பெயிண்ட் அடித்திருக்க வேண்டும். பிளக் பாயிண்ட் தொட்டிக்கு நேர் கீழே இருக்கக் கூடாது. ஒயர் ஒருமுறை கீழே தொங்கி வளைந்து மேலேறி பிளக்குக்குப் போகட்டும். ஒயர் வழியாக வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

பஃபர் அசிங்கமாகச் சாப்பிடும் மீன். மணிக்கு 500 லிட்டர் ஓட்டமுள்ள ஃபில்டர் ஒன்றும், கூடவே ஏர் பம்பில் ஓடும் ஸ்பான்ஜ் ஃபில்டர் ஒன்றும் வையுங்கள். ஸ்பான்ஜ் ஃபில்டர் எதற்கு என்றால், மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் காலையிலிருந்து பிற்பகல் வரை கரண்ட் இருக்காது. பெட்டிக்குள் அடைபட்ட ஃபில்டரில் தண்ணீர் ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் உள்ளே இருந்து மீன் கழிவின் விஷத்தை முறிக்கும் நல்ல பாக்டீரியா சாக ஆரம்பிக்கும். ஏர் பம்ப் நாலைந்து வாட்தான் இழுக்கும், அதை இன்வெர்ட்டர் லைனில் போட்டுவிடுங்கள்.

அடியில் ஓரிரு அங்குலம் மெல்லிய மணல். அதோடு ஒரு கிலோ கிளிஞ்சல் தூள் கலந்தால் பிஎச் (தண்ணீரின் அமில, கார அளவு) இறங்காமல் தாங்கும். கோழித்தீவனக் கடையில் மலிவாகக் கிடைக்கும், நன்றாக அலசிப் போடுங்கள். பவளப் பாறைத் துண்டுகளை யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பவளப்பாறை அட்டவணை ஒன்றில் உள்ள உயிர். சிரட்டை, பிவிசி பைப் துண்டு, கல் என்று ஒரு மூலையிலிருந்து மறு மூலை தெரியாதபடி மறைப்புகள் வையுங்கள். வெறும் தொட்டியில் இந்த மீனுக்குச் சலிப்புத் தட்டும். நாள் முழுக்கக் கண்ணாடியில் மேலும் கீழும் தேய்த்துக்கொண்டே நீந்தும். செடி வேண்டுமானால் ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் இந்த உப்பைத் தாங்கும்.

துணைக்கு வேறு மீன் வேண்டாம். கடிக்காத பஃபர் இருக்கிறது என்று யாராவது சொன்னால், இன்னும் கடிக்கவில்லை என்று அர்த்தம்.

தண்ணீரும் உப்பும்

மதுரை போர் தண்ணீரைத் திட்டாதவர் இல்லை. பாத்ரூம் குழாயில் வெள்ளையாகப் படியும், பருப்பு வேகாது. ஆனால் இந்த மீனுக்கு அதுதான் ஏற்ற தண்ணீர். கடினத்தன்மையும் எட்டை ஒட்டிய பிஎச்சும் அதற்கு வேண்டும். ஆர்ஓ தண்ணீருக்கோ கேன் தண்ணீருக்கோ செலவு செய்ய வேண்டியதில்லை. போர் தண்ணீரைப் பிடித்து ஒரு நாள் ஏர் ஸ்டோன் போட்டு வைத்த பிறகு பிஎச் பாருங்கள். பிடித்த உடனே பார்த்தால் கரைந்திருக்கும் கரியமில வாயுவால் எண் குறைவாகக் காட்டும். நைட்ரேட்டையும் ஒருமுறை சோதியுங்கள். குழாயிலேயே 40 பிபிஎம்மை (லிட்டருக்கு 40 மில்லிகிராம்) தாண்டினால் அந்தத் தண்ணீர் உதவாது. அபார்ட்மென்டில் கடினத்தன்மையை எடுக்கும் சாஃப்ட்னர் பிளான்ட் ஓடினால், அதற்கு முந்தைய குழாயிலிருந்து பிடியுங்கள்.

கார்ப்பரேஷன் தண்ணீர் என்றால் குளோரின் போக்க வேண்டும். மீன் கடையில் ஹைப்போ என்று விற்கும் சோடியம் தயோசல்ஃபேட் படிகம் 10 கிராமை ஒரு லிட்டரில் கரைத்து வைத்துக்கொண்டு, 20 லிட்டர் வாளிக்கு 15 மில்லி ஊற்றினால் போதும். லாரித் தண்ணீரில் சில சமயம் பிளீச்சிங் பவுடர் வாடையே அடிக்கும். அதை ஒரு நாள் காற்றோட்டத்தில் வைத்துவிட்டு ஹைப்போவும் போடுங்கள்.

உப்பு விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். பாக்கெட் தூள் உப்பில் அயோடினும் கட்டி பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருளும் உண்டு. தூத்துக்குடிக் கல்லுப்பிலும் பெரும்பகுதி சோடியம் குளோரைடு மட்டுமே. மெக்னீசியம், கால்சியம், பிஎச்சைத் தாங்கிப் பிடிக்கும் பைகார்பனேட் எல்லாம் வேண்டும். கடல் மீன் தொட்டிக்கென்று விற்கும் மரைன் சால்ட் வாங்குங்கள். இந்த மீனுக்குக் கொஞ்சம்தான் செலவாகும்.

இலக்கு ஒப்படர்த்தி 1.005 (நல்ல தண்ணீரை 1 என்று வைத்தால் உப்புத் தண்ணீரின் கனம்). லிட்டருக்கு 7 கிராம், ஆக 70 லிட்டருக்கு 490 கிராம். சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள், கரண்டிக் கணக்கு வேண்டாம். உப்புப் பொட்டலம் மதுரைக் காற்றில் ஈரம் இழுத்தால் அதே எடையில் உப்பு குறைவாகத்தான் இருக்கும், டப்பாவை இறுக்கி மூடுங்கள்.

அளக்கும்போது ஒரு சிக்கல் உண்டு. மிதக்கவிட்டு ஒப்படர்த்தி பார்க்கும் கண்ணாடி ஹைட்ரோமீட்டர் பெரும்பாலும் 25 டிகிரிக்கு அளவு போட்டது. சித்திரையில் தொட்டித் தண்ணீர் 31 டிகிரி. அதில் மிதக்கவிட்டால் உண்மையில் 1.005 இருக்கும் தண்ணீரை 1.0035 அளவுக்குக் குறைத்துக் காட்டும். குறைகிறதே என்று லிட்டருக்கு இரண்டு கிராம் உப்பைக் கூடுதலாகப் போட்டுவிடுவீர்கள். ஒரு உயரமான டம்ளரில் தண்ணீர் எடுத்து, ஃபிரிட்ஜில் வைத்து 25 டிகிரிக்கு வந்ததும் அளந்தால் தொல்லையில்லை. ஒரு சொட்டுத் தண்ணீரிலேயே உப்பைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் இருந்தால், ஒவ்வொரு முறையும் ஆர்ஓ தண்ணீர் ஒரு சொட்டு விட்டுப் பூஜ்யம் காட்டுகிறதா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மீன் வருவதற்கு முன் ஐந்தாறு வாரம்

உப்பு கலந்த பிறகுதான் பாக்டீரியா வளர்க்கத் தொடங்க வேண்டும். நன்னீரில் பழகிய ஃபில்டரில் திடீரென்று உப்பு ஏற்றினால் அது சுணங்கிவிடும்.

இந்த பாக்டீரியாவுக்குத் தீனி மீன் கழிவில் வரும் அம்மோனியா. மீன் இல்லாமலே அதைக் கொடுக்க, ஆய்வகங்களுக்குச் சரக்கு போடும் கெமிக்கல் கடையில் அம்மோனியம் குளோரைடு வாங்குங்கள். நாட்டு மருந்துக் கடை நவச்சாரமும் அதே பொருள்தான், ஆனால் ஈயம் பூச வைத்திருக்கும் சரக்கில் வேறு என்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. 10 கிராமை ஒரு லிட்டரில் கரைத்து, அதில் 50 மில்லி ஊற்றினால் 70 லிட்டர் தொட்டியில் அம்மோனியா சுமார் 2 பிபிஎம் வரும். திரவ டெஸ்ட் கிட்டால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாருங்கள். முதலில் அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும், பிறகு அதுவும் இறங்கி நைட்ரேட் ஏறும். அம்மோனியா பூஜ்யத்துக்கு வரும்போதெல்லாம் மறுபடி 50 மில்லி. ஊற்றிய 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யம் என்ற நிலை வந்தால் தொட்டி தயார். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீன் வாங்கப் போகலாம்.

மூன்றாவது வாரத்தில் பொறுமை போய்விடும். அவசரப்பட்டால் மீன்தான் அனுபவிக்கும். பிஎச் 8.2, வெப்பம் 30 டிகிரி என்றால் கிட்டில் தெரியும் அம்மோனியாவில் பத்தில் ஒரு பங்கு விஷ வடிவில் இருக்கும். பிஎச் 7 உள்ள தண்ணீரில் அது நூற்றில் ஒரு பங்குகூட வராது. நன்னீர்த் தொட்டியில் தப்பித்த அளவு இங்கே கொல்லும்.

மீனை இறக்குவது

வலையில் தூக்கக் கூடாது. தண்ணீருக்கு வெளியே பயந்து காற்றைக் குடித்து உப்பினால், அந்தக் காற்றை வெளியேற்றச் சிரமப்படும். மக்கிலோ டப்பாவிலோ தண்ணீரோடு மொள்ளுங்கள். ஒருவேளை காற்று குடித்துத் தலைகீழாக மிதந்தால், தண்ணீருக்குள்ளேயே வால் கீழும் தலை மேலுமாக மெதுவாகப் பிடித்திருங்கள், குமிழியாக வந்துவிடும். உப்பவைத்து வேடிக்கை காட்டுவது மீனுக்குச் சித்திரவதை, பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கடையில் நன்னீரில் இருந்த மீனை, 25 லிட்டர் டப்பில் நன்னீரிலேயே தனியாக வைத்து, தொட்டியில் உள்ள ஸ்பான்ஜ் ஃபில்டரை அதில் போடுங்கள். நாலு நாளைக்கு ஒருமுறை 35 கிராம் உப்பை மாற்றுத் தண்ணீரில் கரைத்துச் சேர்த்தால் ஒவ்வொரு முறையும் 0.001 ஏறும். மூன்று வாரத்தில் 1.005 வந்துவிடும், நோய் இருந்தால் அதற்குள் தெரிந்தும் விடும். உப்பு மாற்றத்தில் ஸ்பான்ஜ் பாக்டீரியா கொஞ்சம் அடிவாங்கும், அதனால் இந்த மூன்று வாரமும் தினம் அம்மோனியா பாருங்கள்.

நத்தை இல்லாமல் பஃபர் இல்லை

பஃபரின் வாயில் மேலே இரண்டு, கீழே இரண்டு என நாலு பல் தகடுகள் கிளி மூக்கு போல ஒட்டியிருக்கும், அவை வளர்ந்துகொண்டே இருக்கும். ஓடு கடித்துத் தேயவில்லை என்றால் வாய் மூட முடியாமல், பசியோடு தீனியை முட்டி முட்டிப் பார்த்துவிட்டு விலகும். மீன் மெலிந்து சாவதற்கு இது முக்கியக் காரணம்.

வாரத்துக்கு மூன்று நான்கு நாள் நத்தை. ராம்ஸ்ஹார்ன், பிளாடர் வகைகள் போதும், அளவு மீனின் கண்ணை ஒட்டி இருக்கட்டும். கூம்பாக நீண்ட மலேசியன் டிரம்பெட் நத்தையின் ஓடு மிகக் கடினம், பல்லே உடையலாம். நத்தையைப் போட்டதும் மீன் உடனே பாயாது. அந்தரத்தில் நின்றபடி ஒரு கண்ணை மட்டும் உருட்டிப் பார்க்கும், நத்தை ஓட்டிலிருந்து தலை நீட்டும் வரை காத்திருந்து ஒரே வெட்டு. ஓட்டுத் துண்டுகளைத் துப்பிவிட்டு அடுத்ததைத் தேடும்.

நத்தையை வாங்கிக் கட்டுப்படியாகாது, வளர்க்க வேண்டும். 30 லிட்டர் டப், போர் தண்ணீர், வாரம் இரண்டு முறை வெந்த கோஸ் இலையோ வெள்ளரித் துண்டோ. சோழவந்தான், மேலூர்ப் பக்கத்து வயல் வாய்க்காலில் அள்ளி வந்த நத்தையை நேரே மீனுக்குப் போடாதீர்கள். பூச்சிமருந்தும் ஒட்டுண்ணியும் சேர்ந்து வரும். அவை இட்ட முட்டையிலிருந்து வந்த குஞ்சுகளைக் கொடுங்கள். மொட்டை மாடியில் வைத்தால் நிழல் வேண்டும், மே மாதத்தில் வெயிலில் விட்ட டப்பில் நத்தை வெந்தே போகும். மேலே கொசுவலை இறுக்கிக் கட்டுங்கள், இல்லையென்றால் டெங்கு ஆய்வுக்கு வரும் சுகாதாரப் பணியாளர் டப்பைக் கவிழ்த்துவிட்டுத்தான் போவார். அவர் செய்வதும் சரிதான்.

மற்ற நாட்களில் உறைய வைத்த புழு, தோலோடு சின்ன இறால், நண்டுக் கால் நுனி. மீன் மார்க்கெட்டில் வாங்கும் இறாலை அலசி, பட்டாணி அளவில் நறுக்கி உறைய வைத்துக்கொள்ளலாம். ஆனால் தினமும் இறாலும் மட்டியும் மட்டுமே கொடுத்தால் அவற்றில் உள்ள தயாமினேஸ் என்ற நொதி, மீனின் உடம்பில் பி1 வைட்டமினை அழித்துவிடும். வயிறு லேசாக உருண்டால் நிறுத்துங்கள், மிச்சத்தைக் கால் மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். வளர்ந்த மீனுக்கு வாரம் ஒரு நாள் பட்டினி நல்லது. கண்ணாடிக்கு வந்து கெஞ்சும், மனம் இளகாதீர்கள்.

பல் வளர்ந்தேவிட்டால் வெட்டத்தான் வேண்டும். ஒரு லிட்டர் தொட்டித் தண்ணீரை டப்பாவில் எடுங்கள். கொஞ்சம் தண்ணீரில் ஒரு சொட்டு கிராம்பு எண்ணெயை விட்டு வெள்ளையாகும் வரை பாட்டிலில் குலுக்கி, அதை டப்பாவில் கலக்குங்கள். எண்ணெயை நேரே விட்டால் மேலே மிதக்கும். மீன் பக்கவாட்டில் சாய்ந்து, செவுள் அசைவு மட்டும் இருக்கும் நேரத்தில் ஈரத்துணியில் பிடித்து, நகச்சதை வெட்டும் சின்னக் கட்டரால் நுனியை மட்டும் வெட்டி, உடனே தொட்டியில் ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தில் விடுங்கள். மீன் வெளியில் இருப்பது அரை நிமிடம்தான். இரண்டு பேர் வேண்டும். கை நடுங்கும் என்றால் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

கத்திரி வெயில்

இந்த மீனுக்கு 24 முதல் 28 டிகிரி வசதி. மார்கழி இரவில் அறை மிகவும் குளிர்ந்தால் மட்டும் 75 வாட் ஹீட்டர் தேவைப்படலாம். மதுரையில் உண்மையான வேலை சித்திரை, வைகாசியில்தான். மூடியை எடுத்துவிட்டு வலை போட்டு, தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன ஃபேன் ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஐஸ் பாட்டில் போட்டு ஏற்றி இறக்குவதைவிட இது மேல். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் ஏர் பம்ப் இரவு பகலாக ஓட வேண்டும்.

ஃபேன் ஓடினால் நாளைக்கு ஒரு லிட்டருக்கு மேல் ஆவியாகும். தண்ணீர்தான் போகும், உப்பு தங்கிவிடும். எனவே குறைந்த தண்ணீரை உப்பில்லாத தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். உப்புக் கரைசலால் நிரப்பிக்கொண்டே போனால், வாரம் பத்து லிட்டர் ஆவியாகும் கணக்கில் ஒவ்வொரு வாரமும் 70 கிராம் உப்பு கூடும். கண்ணாடியில் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு டேப் ஒட்டுங்கள், தினமும் காலையில் அந்தக் குறி வரை நிரப்புங்கள்.

வாரம் ஒருமுறை 20 லிட்டர் மாற்றுவது வேறு கணக்கு. முதலில் குறி வரை நல்ல தண்ணீர் நிரப்பி, பிறகு 20 லிட்டர் எடுத்து, முந்தின நாளே 140 கிராம் உப்பு கரைத்து ஏர் ஸ்டோன் போட்டு வைத்த 20 லிட்டரை ஊற்றுங்கள். மீன் இருக்கும் தொட்டியில் உப்பை அப்படியே கொட்டினால் அடியில் கிடக்கும் கட்டியைத் தீனி என்று கடிக்கும், செவுளும் வெந்துபோகும். எடுத்த தண்ணீரை மல்லிகைச் செடிக்கு ஊற்றிவிடாதீர்கள், இலை நுனி கருகும். பாத்ரூமில் கொட்டுங்கள்.

தவறு நடந்தால்

நன்றாகச் சாப்பிட்டும் மெலிந்தால் குடலில் புழு. இயற்கை நீர்நிலையிலிருந்து பிடித்து வரும் மீன் என்பதால் இது சகஜம். ஆட்டுக்குக் கொடுக்கும் லெவமிசோல் மருந்து வேலை செய்யும், ஆனால் அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள். வெள்ளைப் புள்ளி நோய்க்குக் கடைக்காரர் கொடுக்கும் தாமிரம் கலந்த மருந்தை வாங்காதீர்கள், செதில் இல்லாத இந்த மீன் அதைத் தாங்காது. வயிறு கறுத்து மூலையில் ஒடுங்கினால் மருந்து தேடும் முன் அம்மோனியாவைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் விடை இருக்கும்.

மீனைத் தொட்டால் விஷம் ஏறாது, ஆனால் விரலைத் தீனி என்று நினைத்துக் கடிக்கும். செத்துப்போனால் நாய், பூனை தோண்டாத ஆழத்தில் புதையுங்கள், குப்பையில் எறிய வேண்டாம். வளர்க்க முடியவில்லை என்று வண்டியூர்க் கண்மாயிலோ வைகையிலோ விடவும் கூடாது.

ஊருக்குப் போவதென்றால் நாலைந்து நாள் பட்டினி தாங்கும். கிளம்பும் முன் ஏழெட்டு நத்தையை உள்ளே விடுங்கள். சாவியை வாங்கிக்கொள்ளும் பக்கத்து வீட்டக்காவிடம் ஒரு வேலைதான் சொல்ல வேண்டும்: டேப் ஒட்டிய குறி வரை, வாளியில் எடுத்து வைத்திருக்கும் உப்பில்லாத தண்ணீரை ஊற்றுங்கள், தீனி எதுவும் போட வேண்டாம்.